நிமிர்ந்த அலையும் படுத்த அலையும்

மத்திகிரியில் கால்நடைப் பண்ணைக்குப் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டு தகரக் கொட்டகைகளில் நடக்கிறது எங்கள் கம்பெனி. ஒன்றில் லேத், தகடு வளைக்கும் இயந்திரம், பெயின்ட் அறை. இன்னொன்றில் கம்ப்யூட்டர்கள், அளக்கும் கருவிகள், நான். செய்வது மைக்ரோவேவ் ஆண்டெனா. டவருக்கு டவர், மலைக்கு மலை, கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் டிஷ். ஓசூரில் வேலை என்றால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் வண்டிக் கம்பெனி என்றுதான் நினைப்பார்கள். கல்லாவியில் இருக்கும் என் சித்தப்பா, நான் கேபிள் டிவி ஆபீசில் இருப்பதாக இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்துவதை விட்டுவிட்டேன். நான் சொல்கிற விளக்கத்தைவிட அது சுருக்கமாக இருக்கிறது.

முதலாளியை நாங்கள் சார் என்போம். கன்னடக்காரர். பெங்களூரில் நெடுங்காலம் ஆண்டெனா வேலை பார்த்துவிட்டு, எல்லை தாண்டி வந்து இந்தக் கொட்டகைகளைப் போட்டவர். ஒருநாள் காலையில் காபி டம்ளரோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

"கிருஷ்ணகிரி பார்ட்டி போன் பண்ணியிருந்தாரும்மா. ரெண்டு சானலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுதாம். ஏன் மாடோது?"

என்ன செய்வது என்று கேட்கும்போதெல்லாம் அவருக்குக் கன்னடம் வந்துவிடும்.

அவர் சொன்ன சிக்கல் எனக்குப் புதிதல்ல. ரேடியோ அலை அதிர்வதற்கு ஒரு திசை உண்டு. கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து மேலும் கீழுமாக உதறினால் ஒரு அலை ஓடும், பக்கவாட்டில் உதறினால் வேறு மாதிரி ஒன்று ஓடும். முதலாவதை நிமிர்ந்த அலை என்றும் அடுத்ததைப் படுத்த அலை என்றும் வைத்துக்கொள்ளலாம். பிளஸ் டூ புத்தகத்தில் 'தளவிளைவு' என்று ஒரு பாடம் வரும், அதுதான். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. அதனால் ஒரே அலைவரிசையில், ஒரே டிஷ்ஷில், நிமிர்ந்ததில் ஒரு சானலும் படுத்ததில் ஒரு சானலும் அனுப்பலாம். ஆனால் நிமிர்ந்தது கொஞ்சம் சாய்ந்துவிட்டால் போதும், அதன் ஒரு பங்கு படுத்ததற்குள் கலந்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல ஆகிவிடும்.

நாங்கள் அப்போது விற்றுக்கொண்டிருந்த டிஷ்ஷில் அந்தச் சாய்வு பிறவியிலேயே இருந்தது. அலையை ஊற்றுகிற ஹார்ன், டிஷ்ஷின் நடுவில் நின்றால் வழியை மறைக்கும். அதனால் அதைக் கீழே ஒதுக்கி வைத்து, டிஷ்ஷைச் சாய்த்து வெட்டியிருந்தோம். வழி திறந்துவிட்டது. ஆனால் குழிந்த கண்ணாடியை நேராகப் பார்க்காமல் ஓரத்திலிருந்து பார்த்தால் முகம் கோணுமே, அந்த மாதிரி அலையும் கோணியது.

"இன்னொரு ரிஃப்ளெக்டர் சேத்துப் பாக்கலாங்களா சார்?" என்றேன். "பெருசு கோணலாக்கறத சின்னது நேராக்கற மாதிரி."

"புக்குல இருக்கு. நம்ம ஷெட்டுல வருமா?"

"வர வச்சுப் பாக்கறங்க."

யோசனை என்னுடையதல்ல. யாரோ எப்போதோ கண்டுபிடித்து, உலகம் முழுக்கப் பெரிய பெரிய ஆண்டெனாக்களில் செய்திருக்கிறார்கள். ஹார்னிலிருந்து வரும் அலை முதலில் ஒரு சிறிய குழிந்த தட்டில் பட்டு, அங்கிருந்து பெரிய டிஷ்ஷுக்குப் போய், அங்கிருந்து வெளியே போகும். சிறியதைச் சரியான அளவு சாய்த்து வைத்தால், அது உண்டாக்கும் கோணல் பெரியது உண்டாக்கும் கோணலுக்கு எதிர்ப்பக்கமாக அமைந்து இரண்டும் கழிந்துபோகும். வேலை எங்கே என்றால் எங்கள் அளவுக்கு, எங்கள் ஹார்னுக்கு, எங்கள் இயந்திரம் வளைக்கிற தகட்டுக்கு அந்தச் சரியான சாய்வைக் கண்டுபிடிப்பதில்தான்.

அந்தப் பருவம் முழுக்க நான் கம்ப்யூட்டரில் ஒரு சின்னத் தட்டைச் சாய்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் குறைவாகச் சாய்த்தால் கோணல் மிச்சம் இருக்கும். அதிகமானால் எதிர்ப்பக்கக் கோணல் தலைகாட்டும். சரியாக வரும்போல் இருக்கும்போது, தட்டு பெரிய டிஷ்ஷின் வழியில் மூக்கை நீட்டும். தட்டைச் சிறிதாக்கினால் ஓரத்தில் அலை சிதறும். ஹார்னை நகர்த்தினால் பிடிமானச் சட்டம் இடிக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடிக்க நேரமாகும். அந்த இடைவெளியில் டீ குடிப்பேன், பட்டறைக்குப் போய் வேடிக்கை பார்ப்பேன்.

கிராஃபில் எனக்கு வேண்டாத அலை இரண்டு மேடுகளாகத் தெரியும். நட்டநடுவில் பள்ளம், இடப்பக்கம் ஒரு மேடு, வலப்பக்கம் ஒரு மேடு. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இரண்டு மேடுகளும் தரையோடு தரையாகக் கிடந்தன. முதலில் நம்பவில்லை. ஏதோ எண்ணைத் தப்பாகப் போட்டிருப்பேன் என்று எல்லாவற்றையும் சரிபார்த்து மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் தரைதான். சாரைக் கூப்பிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தார்.

"சென்னாகிதே," என்றார். நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டது குறைவு. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

செய்து கொடுத்தவர் எங்கள் ஃபிட்டர் அண்ணன். திருநெல்வேலிப் பக்கம். ஓசூருக்கு வந்து பல காலம் ஆகியும் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறாதவர். பெரிய ரிஃப்ளெக்டரைப் 'பெருசு' என்றும் சின்னதைக் 'குட்டி' என்றும் கூப்பிடுவார். நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். குட்டி பார்க்க ஒரு குழிந்த பூரித்தட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் குழிவு எல்லாப் பக்கமும் ஒன்றல்ல. மேல் பாதி ஒரு மாதிரி, கீழ்ப் பாதி வேறு மாதிரி. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்.

ஆண்டெனா தயாராகிவிட்டது. அளக்க வேண்டும். பெங்களூரில் அதற்கென்றே பெரிய அறைகள் இருக்கின்றன, ஆனால் எங்கள் முறை வருவதற்குள் கிருஷ்ணகிரி பார்ட்டி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். "நம்ம ஜாகதல்லே, நம்ம இடத்துலயே நாமளே அளக்கலாம்," என்றார் சார். கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த கான்கிரீட் மேடைமேல் ஆண்டெனாவை ஒரு சுழல்மேசையில் வைக்கலாம். எதிரே, போதுமான தூரத்தில், உயரமாக ஒரு இடம் வேண்டும், அங்கிருந்து ஒரு ஹார்ன் இதை நோக்கி அலையை அனுப்ப வேண்டும். சுற்றிலும் பார்த்தோம். பக்கத்து நிலத்தில் ரோஜா வளர்க்கும் நீளமான பாலித்தீன் கூடாரம். அதற்கும் அப்பால் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு மாடி வீடு.

"அது யார் வீடு?" என்றார் சார்.

"நான் குடியிருக்கற வீடுங்க சார்."

வீட்டுக்கார அக்கா கீழே இருந்தார், நான் முதல் மாடியில். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், என்னை அம்மாயி, அதாவது பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார். அக்கா வாசலில் தோசைமாவு விற்பார். ஷிஃப்ட் விட்டு வருகிற பையன்களும் பெண்களும் அவரிடம் மாவு வாங்காமல் அறைக்குப் போகமாட்டார்கள். மொட்டை மாடியில் ஹார்னை வைக்க அனுமதி கேட்டபோது அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏமி அம்மாயி, புனலாட்டம் இருக்குது?"

"ஹார்னுங்க்கா."

"சத்தம் போடுமா? எதிர்வூட்டுல கொழந்த இருக்குது."

"சத்தமே வராதுங்க்கா."

"சத்தம் வராததுக்கு எதுக்கு ஹார்ன்னு பேரு?"

அக்கா ஹார்னின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுல இருந்து என்னமோ வருதே, அதுல என் மாவு புளிச்சுப் போயிடாதே?"

"உங்க செல்போன்ல வர்றதவிடக் கம்மிங்க்கா. மாவு அதுவாத்தான் புளிக்கும்."

"அது சரி," என்றார் அக்கா. அதோடு அனுமதி கிடைத்தது.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. ஹார்னை முதலில் நிமிர்ந்த அலைக்கு வைத்து அளக்க வேண்டும், பிறகு கால்வட்டம் திருப்பிப் படுத்த அலைக்கு வைத்து அளக்க வேண்டும். நான் கருவி முன்னால் இருக்க வேண்டும், ஃபிட்டர் அண்ணன் சுழல்மேசையைத் திருப்ப வேண்டும். மாடியில் ஆள் இல்லை. "நான் திருப்பமாட்டனா?" என்றார் அக்கா. ஹார்னில் இரண்டு கோடு போட்டுக் காட்டினேன். கொடியில் கிடந்த துணிகளை எல்லாம் அவரே எடுத்து வைத்தார். அவர் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போய்வந்த புடவைகள்.

அப்படித்தான் எங்கள் முதல் அளவெடுப்பு நடந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன்.

"அக்கா, நிக்க வைங்க."

"நின்னுச்சு!"

அண்ணன் சுழல்மேசையை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்புவார். திரையில் கோடு நகரும்.

"இப்பப் படுக்க வைங்க்கா."

"படுத்துக்கிச்சு!"

திரையில் வந்த கோட்டைக் குனிந்து பார்த்தேன். தரையோடு கிடக்க வேண்டிய மேடுகள் இரண்டும் குன்றுகளாக நின்றன. நடுவில் இருக்க வேண்டிய பள்ளம்கூட இல்லை, தூர்ந்துபோயிருந்தது. சார் எனக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"பழசே பரவால்ல போல இருக்கே," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேபிள்களை மாற்றினோம். ரசமட்டம் வைத்து மேடையைச் சரிபார்த்தோம். அக்காவும் சலிக்காமல் நிற்கவைத்துப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். எதுவும் மாறவில்லை. கடைசியில் நானே மாடிக்குப் போனேன். ஹார்னுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஹார்ன் பார்க்கிற திசையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ரோஜாக் கூடாரம், அதற்கு அப்பால் எங்கள் ஆண்டெனா. அதற்கும் எனக்கும் நடுவில், மூக்குக்கு நேரே, மெல்லியதாக ஒரு கோடு.

கொடிக்கம்பி. தண்ணீர்த் தொட்டியின் தூணிலிருந்து கைப்பிடிச் சுவரின் கொக்கிக்குச் சாய்வாக இழுத்துக் கட்டியிருந்த இரும்புக் கம்பி. துணிகளை எடுத்தோம், கம்பியை யாரும் நினைக்கவில்லை. நிமிர்ந்தும் இல்லாமல் படுத்தும் இல்லாமல் சாய்வாக இருக்கிற உலோகக் கம்பி, தன்மேல் படுகிற அலையில் கொஞ்சத்தைத் தன் சாய்வுக்கே திருப்பிவிடும்.

"அக்கா, இந்தக் கம்பிய அவுக்கணுங்க."

"அதானே பாத்தேன். உங்க சாமான் சரியில்லன்னா என் கொடி மேல பழி!"

"நெசமாத்தானுங்க்கா. நைலான் கயிறு நானே வாங்கித் தரேன்."

"பச்சைக் கலருல வாங்கு," என்றபடியே கொக்கியிலிருந்து கம்பியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

மறுபடி அளந்தோம். இந்த முறை நடுவில் பள்ளம் விழுந்தது. நன்றாக, ஆழமாக. ஒரு குற்றவாளி பிடிபட்டாயிற்று. ஆனால் இரண்டு பக்கமும் மேடுகள் அப்படியே இருந்தன. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெங்களூருக்கே அனுப்பி முறைக்காகக் காத்திருக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். நான் பழைய டிஷ்ஷின் கிராஃபை எடுத்து இதன்மேல் வைத்துப் பார்த்தேன். புதியதன் மேடுகள் பழையதைவிட உயரம். ஏறக்குறைய இரட்டிப்பு. இடமும் வலமும் ஒரே அளவு, கத்தரித்து ஒட்டியதுபோல.

எனக்குள் ஏதோ குதித்தது.

"சார், இது சும்மா கெட்டுப்போகலைங்க. கணக்காக் கெட்டிருக்குது."

"அப்படின்னா?"

"குட்டி வேலையே செய்யலைன்னா பழைய அளவுதானுங்க வரணும். அதுக்கு மேல வருதுன்னா, குட்டி நல்லா வேலை செய்யுதுங்க. எதிர்ப்பக்கமா செய்யுது. பெருசு கோணலாக்கறதக் கழிக்கறதுக்குப் பதிலா கூட்டுது."

கம்ப்யூட்டரில் குட்டியை மட்டும் தலைகீழாகத் திருப்பி ஓடவிட்டேன்.  வந்த கோடும் அளந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே படிந்தன. சார் எழுந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ஓடும்மா, போய்ப் பாரு," என்றார்.

மேடைக்கு ஓடினேன். அண்ணன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, குட்டிய எந்தப் பக்கம் மேல வர்ற மாதிரி மாட்டுனீங்க?"

"நேராத்தாம்மா மாட்டிருக்கேன். ஏன் கேக்கிய?"

"எப்பிடி நேருன்னு தெரிஞ்சுது?"

"ஸ்டிக்கரப் பாருங்க. எழுத்து நேரா இருக்குல்லா."

பின்னால் போய்ப் பார்த்தேன். குட்டியின் முதுகில் எங்கள் கம்பெனி ஸ்டிக்கர் பளபளவென்று, நேராக, அழகாக ஒட்டியிருந்தது. மேல் பக்கம் எது என்பதற்கு விளிம்பில் ஒரு சின்னக் குழி குத்தச் சொல்லியிருந்தேன். குத்தியுமிருந்தார்கள். பெயின்ட் அறையில் அடித்த தடித்த வெள்ளை அதை மூடிவிட்டது. பெயின்ட் காய்ந்ததும் ஸ்டிக்கர் ஒட்டியவர் தட்டு தன் கையில் எப்படி இருந்ததோ அப்படியே ஒட்டிவிட்டார். நான்கு துளைகளும் சம இடைவெளி என்பதால் குட்டி எப்படி வைத்தாலும் ஒத்துப்போகும். நகத்தால் விளிம்பைச் சுரண்டினேன். குழி கீழ்ப்பக்கம் இருந்தது.

சொன்னதும் அண்ணன் குனிந்து குழியைத் தடவிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அட ஏ யம்மா! எழுத்தத் தலைகீழா மாட்டுனா பாக்கவன் என்னன்னு நெனப்பான்னுல்லா நான் பாத்துப் பாத்து மாட்டுனேன்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.  சார் வந்து காரணம் கேட்டு, ஸ்டிக்கரைப் பார்த்து, "நோடு, நோடு! பாரு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். அண்ணன் ஸ்பானரை எடுத்து நான்கு போல்ட்டையும் கழற்றிக் குட்டியைத் திருப்பி மாட்டினார். எங்கள் கம்பெனி பெயர் இப்போது தலைகீழாகத் தொங்கியது.

"அக்கா, நிக்க வைங்க."

"நின்னுச்சு."

"படுக்க வைங்க."

"படுத்துக்கிச்சு."

அண்ணன் மேசையைத் திருப்பத் தொடங்கினார். கோடு இடப்பக்கத்திலிருந்து கிளம்பித் தரையோடு ஊர்ந்து வந்தது. மேடு எழ வேண்டிய இடத்தை நெருங்கியது. எழவில்லை. நடுவைக் கடந்தது. வலப்பக்கமும் எழவில்லை. கம்ப்யூட்டர் சொன்ன அளவுக்கு மிக நெருக்கம். நானும் சாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னா அம்மாயி, சத்தத்தையே காணோம்?" என்றது போன். "பாஸா ஃபெயிலா சொல்லு. கீழ ஆள் மாவுக்கு நிக்கறாங்க."

"பாஸுங்க்கா!"

"அப்ப நான் போறேன். இத அப்பிடியே படுக்க வெச்சிருக்கறேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா காசு வாங்காமல் ஒரு பாக்கெட் மாவைக் கையில் திணித்தார். மறுநாள் மாடியில், நான் வாங்கிக் கொடுத்த பச்சை நைலான் கயிற்றில் புடவைகள் ஆடிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம், "எங்க மாடியிலதான் டிஷ் டெஸ்ட் பண்றாங்க, நான்தான் பண்ணித் தரேன்," என்று அவர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது பொய்யுமல்ல. அடுத்த மாடல்களையும் அங்கேதான் அளந்தோம்.

குட்டியை இனி ஒரு வழியாகத்தான் மாட்ட முடியும் என்று ஆக்கினேன். விளிம்பில் ஒரு முளை, சட்டத்தில் அதற்கு ஒரு துளை. தலைகீழாக வைத்தால் உட்காராது. சார் ஸ்டிக்கரையே வட்டமாக அடிக்கச் சொன்னார், எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியாகத் தெரிகிற மாதிரி.

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரியில் மாட்டப் போனோம். நானும் அண்ணனும் வேன் டிரைவரும். பார்ட்டியின் டவர் ஒரு பாறைக்குன்றின் மேல் இருந்தது, பாதி வழிக்கு மேல் வண்டி போகாது. பெருசை அண்ணனும் டிரைவரும் தூக்கினார்கள். குட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றி நான் மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினேன். மேலே காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. கீழே அணைத் தண்ணீர் ஒரு தகடுபோல மின்னியது. அண்ணன் டவரில் ஏறி மாட்டி முடிக்கும்வரை நான் கீழிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். அவர், "கேக்குது, கேக்குது, சத்தம் போடாதிய," என்று மேலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து முதல் சானலைப் போட்டார்கள். வந்தது. பார்ட்டியின் ஆள், இளைஞர், சந்தேகத்தோடு இரண்டாவதையும் போட்டார். அதுவும் வந்தது. முதலாவது அசையவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தார். ஒன்றை நிறுத்தினால் மற்றதில் ஒரு சலனமும் இல்லை. "என்னங்க பண்ணீங்க?" என்று கேட்டார். விளக்கலாம் என்று வாயெடுத்தேன். அவருக்கு அதற்குள் போன் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி மாம்பழம் வாங்கினோம். டிரைவர் செந்தூராதான் பழம் என்றார். நான் அல்போன்சா என்றேன். அண்ணன் இரண்டையும் வெட்டித் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்கூருப் பக்கம் ஒரு பழம் உண்டு, அதுக்கு முன்னால இதெல்லாம் காய்தான்," என்றார். வேன் சூளகிரி தாண்டியும் அந்தச் சண்டை ஓயவில்லை. ஓசூர் டிராஃபிக்கில் சிக்கி நின்றபோது, மூன்று பேர் கையும் முழங்கை வரை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கடைசிப் பழத்தை யார் தின்பது என்று அப்போதும் முடிவாகவில்லை.